சாவி போடும் முன்னே சோதனை போடு! – மின் ஸ்கூட்டர் பாதுகாப்பும் பரிசோதனையும்



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டவுடன் கவிஞர்கள் கவிதை தந்தார்கள், நகைச்சுவையாளர்கள் துணுக்குத் தந்தார்கள். எனக்கு வருவது மல்டிமீட்டரும் ஸ்பேனரும் மட்டும்தான். ஆகவே நம் கல்லூரி வண்டி ஷெட்டில் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும் மின் ஸ்கூட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒரு மின் இருசக்கர வாகனம் தீப்பிடித்தது. ஒரு தந்தையும் அவருடைய மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அந்த ஆண்டு நாட்டின் வேறு சில இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. மத்திய அரசு நிபுணர் குழு அமைத்தது. அதன்பின் ஏ.ஐ.எஸ்.156 என்னும் பேட்டரி பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர் 1 முதல் ஒரு பகுதியும், 2023 மார்ச் 31 முதல் மறு பகுதியும் அமலுக்கு வந்தன.

"அதான் சட்டம் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் ஃபாக்டரி வாசல் வரைக்கும்தான் கூட வரும். பதிவு செய்த சொந்த இருசக்கர வாகனத்துக்கு 15 வருஷம் கழித்துத்தான் மறுபதிவுச் சோதனை. 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட சின்ன வண்டிக்குப் பதிவே கிடையாது, லைசென்ஸும் வேண்டாம். அப்படியானால் இடையில் யார் பார்ப்பது? நாம்தான்!

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற நிலையங்கள் வாகனங்களைச் சோதித்துச் சான்று தருகின்றன. பேட்டரி பேக்கை அதிர வைக்கிறார்கள். சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். ஷார்ட் செய்கிறார்கள். அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றிப் பார்க்கிறார்கள். கழற்றி எடுக்கும் பேட்டரியாக இருந்தால் 1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு பேக் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது.

திருத்திய விதிப்படி பேக்குக்கு ஐ.பி.எக்ஸ்.7 தரமும் வேண்டும். அதாவது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிஷம் தாங்க வேண்டும். 30 நிமிஷம்தான், கவனியுங்கள்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையில் வாகனங்கள் மணிக்கணக்கில் முங்கிக் கிடந்தன. அப்படி முங்கிய வண்டியை, வெயிலில் காய வைத்துவிட்டோம் என்று நேராகச் சார்ஜில் போடக் கூடாது.

செல்லுக்குள்ளே

லித்தியம் செல்லில் சூடு ஏறினால் படிப்படியாகத்தான் கெடும். சுமார் 80 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குள் எதிர்மின்வாயின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கும். சுமார் 130 டிகிரியில் இரு மின்வாய்களையும் பிரித்து வைத்திருக்கும் பாலிஎத்திலீன் தாள் உருகும். உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். 200 டிகிரியை ஒட்டி என்.எம்.சி. வகை செல்லின் நேர்மின்வாய் ஆக்சிஜனை வெளியிடும். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள் இருந்தால் வெளியிலிருந்து காற்றைத் தடுத்து என்ன பயன்? கார்பன் டை ஆக்சைடு அடித்தால் சுடர் அடங்கும், சூடு அடங்காது. சிறிது நேரம் கழித்து மறுபடி பற்றும். இதற்கு நிறையத் தண்ணீரால் குளிர வைப்பதே வழி. அதுவும் தீயணைப்புத் துறையின் வேலை. நம் வேலை, மெயினை அணைக்க முடிந்தால் அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி 101க்கோ 112க்கோ போன் போடுவது. அந்தப் புகையை ஒரு மூச்சுகூட இழுக்கக் கூடாது.

சார்ஜர் கணக்கு

விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன ஒரு பட்டறைக்கு, சார்ஜ் பின் உருகிப்போன வண்டி ஒன்று வந்தது. உரிமையாளர் பழைய லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு "48 வோல்ட்" லித்தியம் பேக் போட்டிருந்தார். சார்ஜர் மட்டும் பழசு. "ரெண்டும் 48 தானே தம்பி?" என்றார். எங்கள் மெக்கானிக் அண்ணன் பேசாமல் என்னிடம் மீட்டரை நீட்டினார்.

கணக்கைப் பாருங்கள். அந்த லித்தியம் பேக்கில் 13 செல் வரிசை. ஒரு செல்லின் உச்சம் 4.2 வோல்ட். 13 × 4.2 = 54.6 வோல்ட். அந்தப் பழைய சார்ஜரோ 58.8 வோல்ட் தந்தது. 58.8 ÷ 13 = 4.52 வோல்ட். ஒவ்வொரு செல்லும் எல்லையைத் தாண்டுகிறது! இடையில் நின்று தடுப்பது பி.எம்.எஸ். என்ற சின்ன மின்பலகை மட்டும்தான். வாட்ச்மேன் இருக்கிறான் என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு யாராவது தூங்குவார்களா?

எனவே பெயரளவு வோல்டேஜைப் பார்க்காதீர்கள். செல் வகை, வரிசை எண்ணிக்கை, சார்ஜரின் உச்ச வோல்டேஜ், இந்த மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இணைப்புக் கணக்கு

பின் உருகியது ஏன்? முதலாம் ஆண்டிலேயே படித்ததுதான். வெப்பம் = மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. லூசான இணைப்பில் 5 மில்லி ஓம் தடை, ஓடுவது 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 40 × 40 × 0.005 = 8 வாட். கேட்க அற்பமாகத் தெரியும். நம் லேபில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தானே! சுண்டுவிரல் நுனி அளவு பித்தளையில் 8 வாட் தொடர்ந்து இறங்கினால் பிளாஸ்டிக் உறை என்ன ஆகும்? வீட்டு பிளக் பாயிண்டுக்கும் இதே கதைதான். சார்ஜர் இழுப்பது சில ஆம்பியர்தான் என்றாலும், ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கிறது.

நாமே செய்யக்கூடிய சோதனைகள்

முதலில் வாட்ச், மோதிரம், காப்பு கழற்றவும். ஸ்பேனர் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றவும். டி.சி. ஆர்க் ஏ.சி. போலப் பூஜ்ஜியத்தைத் தொட்டு அணையாது, இழுத்துக்கொண்டே நிற்கும். பேக்கை மட்டும் பிரிக்கவே கூடாது.

1. பேட்டரி: உப்பல், வெடிப்பு, ஒழுகல், கரைப்பான் வாசனை இருந்தால் சார்ஜ் போடாதீர்கள். பலமாகக் கீழே விழுந்த பேக்குக்கும் இதே விதி.

2. சார்ஜர்: லோடு இல்லாமல் உச்ச வோல்டேஜை அளந்து பேக்கின் உச்சத்தோடு ஒப்பிடவும். சில சார்ஜர்கள் பேட்டரியைக் கண்டால்தான் வோல்டேஜ் தரும். அவற்றுக்கு லேபிளைப் பார்க்கவும்.

3. இணைப்புகள்: ஓட்டி வந்ததும் வண்டியை ஆஃப் செய்து, பேட்டரி எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஒயர் உறையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கேதான் கோளாறு. பழுப்பு நிறமும் அதையே சொல்லும்.

4. திராட்டில்: மெயின் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரம் தூக்கிய நிலையில் சிக்னல் ஒயரை அளக்கவும். விட்ட நிலையில் சுமார் 0.8 வோல்ட், முழுக்கத் திருகினால் சுமார் 4 வோல்ட். கையை எடுத்தால் உடனே இறங்க வேண்டும். திராட்டிலின் கிரவுண்ட் ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். நல்ல கன்ட்ரோலர் அதைக் கோளாறென்று உணர்ந்து நிறுத்தும். மட்டமானது முழு வேகமென்று எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடி அருகே ஒயர் மடங்கும் இடத்தை அவசியம் பாருங்கள்.

5. பிரேக் கட் ஆஃப்: சக்கரம் சுற்றும்போது லீவரை லேசாக அழுத்தினாலே மோட்டாருக்குக் கரண்ட் நிற்க வேண்டும். இரண்டு லீவரையும் தனித்தனியாகப் பார்க்கவும்.

6. ஹப் மோட்டார் அச்சு நட்டு: இங்கே அச்சு சுற்றாது, சக்கரம்தான் சுற்றும். எதிர்விசை முழுவதையும் அச்சின் தட்டைப் பக்கங்கள் தாங்குகின்றன. நட்டு லூசானால் அச்சே சுழன்று ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கவும்.

7. பிளக் பாயிண்ட்: எர்த் இருக்கிறதா, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகிறதா என்று பார்க்கவும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

கழற்றும் பேட்டரியை ரூமுக்குத் தூக்கிப் போய்க் கட்டிலடியில் சார்ஜ் போடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். 48 வோல்ட், 30 ஆம்பியர் மணி பேக் என்றால் 1440 வாட் மணி. ஒரு 1000 வாட் ஹீட்டரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எரிக்கும் சக்தி. அது கட்டிலடியில், கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிறது! தூங்கும் அறை, மாடிப்படி, வாசல்வழி மூன்றும் சார்ஜ் போடும் இடங்கள் அல்ல. வண்டி ஷெட்டில் எர்த்துடன் நான்கு பாயிண்ட் போட்டுத் தர நிர்வாகத்திடம் நம் மாணவர் மன்றம் கேட்க வேண்டும். ஆண்டுக்கொரு இலவசச் சோதனை முகாமும் நடத்தலாம். மேலே சொன்ன ஏழு சோதனைக்கு ஒரு வண்டிக்கு அரை மணி நேரம் போதும். நான் மீட்டரோடு வரத் தயார்.

கையெழுத்தின் விலை

நம்மில் பலர் நாளை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ராணிப்பேட்டைக்கும் மின் வண்டித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போவோம். சிலர் ஷோரூமில் டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாளைக் கையில் வாங்குவோம். சாயங்காலத்துக்குள் பத்து வண்டி போக வேண்டும், "டிக் போட்டு அனுப்பிடுப்பா" என்று ஒரு குரல் வரும். அந்த நேரத்தில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி வாங்குபவருக்கு பி.எம்.எஸ். தெரியாது, 54.6 தெரியாது. தாளின் அடியில் உள்ள நம் கையெழுத்தை நம்பித்தான் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தூங்கப் போகிறார்.

அளந்து பார்த்த கட்டத்தில் மட்டும் டிக் போடுவோம். அளக்காத கட்டம் காலியாகவே இருக்கட்டும்.