லைசென்ஸ்ல தேதியைப் பாத்தீங்களா?

மரக்காணத்துல உப்பு லாரி ஓட்டுற எங்க மாமா மறுபடியும் டிரைவிங் டெஸ்ட்டுக்குப் போகணும். ஓட்டத் தெரியாம இல்ல. லைசென்ஸ் முடிஞ்சது உப்பு சீசன்ல. ‘மழை வரட்டும், பாத்துக்கலாம்’னு விட்டார். மழையும் போய் அடுத்த சீசனே வந்துடுச்சு.

விதி இதுதான்: காலாவதி ஆவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட். முன்பெல்லாம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும். 2019 சட்டத் திருத்தத்துல அதை எடுத்துட்டாங்க. மறுநாள் ஓட்டினாலே 5,000 ரூபாய் அபராதம்.

லாரி லைசென்ஸ் 5 வருடம்தான். நம்ம பைக் லைசென்ஸ் 20 வருஷம்னு வீட்ல சொல்வாங்க, அது பழைய கணக்கு. இப்போ 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. எல்.எல்.ஆர். ஆறே மாதம். 30 நாள் கழிச்சு எட்டு போடப் போகலாம். செமஸ்டர் நடுவுல எல்.எல்.ஆர். போட்டு மறந்தவங்க எங்க கிளாஸ்லயே நாலு பேர்!

மாமாவுக்கு ‘சாரதி’ தளத்துல நான்தான் விண்ணப்பம் போடுறேன். 40 தாண்டினவங்களுக்கு டாக்டர் சான்று, படிவம் 1ஏ, வேணும். அது மட்டும் பாக்கி. அதுவரை லாரியை வேற ஆள் ஓட்டுறார். மாமா பக்கத்துல உக்காந்து போறார்.