நடுப் பட்டன் எப்படி ஒட்டுகிறது?

கேள்வி: லினக்ஸில் எழுத்துகளை மவுஸால் செலக்ட் செய்துவிட்டு, வேறொரு ஜன்னலில் நடுப் பட்டனை அழுத்தினால் அவை அங்கே வந்து விழுகின்றன. காப்பியே கொடுக்காமல் இது எப்படி? இந்த வழக்கம் எங்கே பிறந்தது?

பதில்: விண்டோ மேனேஜரின் கைவரிசை என்று பலர் நினைக்கிறார்கள். ஜன்னலுக்குச் சட்டம் போட்டு, நகர்த்தி, அடுக்குவதோடு அதன் வேலை முடிந்தது. வழக்கத்தின் வேர் அதற்கும் கீழே, 1984-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கிய எக்ஸ் விண்டோ முறையில் இருக்கிறது. வெட்டி ஒட்டுவது அதற்கும் மூத்தது. எழுபதுகளின் நடுவிலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எடிட்டரில் அதைச் செய்துவிட்டார்கள். மெக்கின்டாஷ் மவுஸுக்கு ஒரே பட்டன், ஆகவே ஒட்டும் வேலை மெனுவுக்கும் கீபோர்டுக்கும் போனது. யூனிக்ஸ் பணிநிலையங்களின் மவுஸில் மூன்று பட்டன்கள், ஆகவே நடுப் பட்டனுக்கு வந்தது என்பார்கள். சரிதான், ஆனால் பாதிதான். ஒட்டுவதற்கு ஒரு பட்டன் கிடைத்ததை இது விளக்குகிறது. காப்பி என்ற படியே இல்லாமல் போனதை விளக்கவில்லை.

உண்மையில் செலக்ட் செய்யும்போது எதுவும் காப்பியாவதில்லை. "பிரைமரி இப்போது என்னிடம்" என்று அந்தச் செயலி திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரிடம் பெயர் கொடுக்கிறது, அவ்வளவே. செலக்ட் செய்த பகுதிக்கு எக்ஸில் உள்ள பெயர்தான் பிரைமரி. நடுப் பட்டனை அழுத்தும்போதுதான் மற்றச் செயலி கேட்கிறது, பெயர் கொடுத்த செயலி அனுப்புகிறது. நூறு பக்கத்தை செலக்ட் செய்தாலும் செலவில்லை. அதனால்தான் ஒவ்வொரு செலக்‌ஷனையும் தயங்காமல் அறிவிக்க முடிகிறது. எழுத்தை சர்வரிலேயே போட்டுவைக்கும் 8 'கட் பஃபர்'களும் எக்ஸில் இருந்தன. அவை லத்தீன் எழுத்துக்கென்றே அமைந்தவை. கேட்டு வாங்கும் முறையிலோ, எந்த வடிவத்தில் வேண்டும் என்று பேசி முடிவு செய்யலாம். பின்னாளில் யூனிகோடு வந்தபோது அது இன்னொரு வடிவமாகச் சேர்ந்துகொண்டது. தமிழ் எழுத்து இன்று ஜன்னல் மாறிப் போவது அந்த வழியில்தான். பழக்கத்தைக் கொடுத்தது பட்டன், அதை நிலைக்கவைத்தது இந்த ஏற்பாடு என்பதே என் கணிப்பு.

செயலியை மூடினால் எழுத்தும் போய்விடுகிறதே என்று கேட்கலாம். போகத்தான் செய்யும், கொடுப்பதற்கு ஆள் இல்லை. அதை வாங்கி வைத்துக்கொள்ளத் தனிச் செயலிகள் உண்டு. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: பழைய வரியை அழித்துவிட்டு அதன்மேல் ஒட்டலாம் என்று அந்த வரியை செலக்ட் செய்தால், பிரைமரி அதற்கு மாறிவிடும், ஒட்ட நினைத்தது கைநழுவும். இது மெய்யான குறை. எண்பதுகளின் இறுதியில் டேவிட் ரோசென்தால் தொகுத்த நெறிமுறையில் பிரைமரிக்குப் பக்கத்திலேயே கிளிப்போர்டு என்ற தனிப் பெயரும் இருக்கிறது. இன்று கன்ட்ரோல்-சி போய்ச் சேருவது அதில். இரண்டும் ஒன்றையொன்று தொடாததால், ஒரே சமயத்தில் இரண்டு துண்டுகளைக் கையில் வைத்திருக்கலாம். தெரிந்தவர்களுக்கு அது வசதி, தெரியாதவர்களுக்குக் குழப்பம்.

எக்ஸின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கும் வேலண்டின் மைய நெறிமுறையில் பிரைமரிக்கு இடமே இல்லை. பிறகு துணை நெறிமுறையாகச் சேர்த்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. எக்ஸில் எந்தச் செயலியும் எந்நேரமும் உங்கள் செலக்‌ஷனைக் கேட்டு வாங்கலாம். இந்தத் துணை நெறிமுறையில், கீபோர்டு கவனம் எந்த ஜன்னலில் இருக்கிறதோ அதற்குரிய செயலிக்குத்தான் அது காட்டப்படும்.