முடி சுருட்டும் தொழில்: சூட்டை அறிந்தால் நட்டமில்லை

மணப்பெண் அலங்காரத்தைச் சுயதொழிலாகத் தொடங்குவோர் முதலில் கற்க வேண்டியது சூட்டின் அளவு. மெல்லிய, சாயமிட்ட முடிக்கு 150 பாகை செல்சியஸை அண்மித்த சூடு போதும். தடித்த முடிக்கும் 200ஐத் தாண்ட வேண்டாம். ஈர முடியில் சூடான கருவி பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிட்டு முடி முறியும். எனவே நன்கு உலர்த்தி, சிறு பிடிகளாகப் பிரித்து, சில விநாடிகள் மட்டும் சுற்றுங்கள். ஆறும்போதே சுருள் நிலைபெறும், அதுவரை கலைக்காதீர்கள்.

பயிற்சிக்கு இயற்கை முடி பதித்த பொம்மைத் தலையை வாங்குங்கள். சாதாரண செயற்கை முடி உருகிவிடும். கருவியில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உண்டா, நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கு உகந்ததா என்றும் பாருங்கள். மலிவுக் கருவியில் மிச்சம்பிடித்த பணம், ஒரு வாடிக்கையாளரின் முடி கருகினால் நல்ல பெயரோடு சேர்ந்தே போய்விடும்.