பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ்: நடு கியரைக் கவனியுங்கள்

சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கும் தீவன மூட்டையும் ஏற்றுவதற்குப் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. 1947-இல் மகேந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகள் இவை. இவற்றில் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்பர் கேஸ்தான் எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தருகிறது.

முன் சக்கர இழுவையைப் போடாவிட்டால் இது தேயாது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. எந்த நிலையில் ஓட்டினாலும் சக்தி முழுவதும் நடு கியர் வழியாகவே செல்கிறது. எனவே அந்தக் கியரைத் தாங்கும் ஷாப்டும் ஊசி பேரிங்குகளும்தான் முதலில் தேயும். ஓயாத இரைச்சல், கியர் தானே விழுதல், ஆயில் ஒழுகல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

ஆயில் ஒழுகலை அலட்சியப்படுத்தக் கூடாது. இவ்வண்டிகளில் கைபிரேக் டிரம் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் இருக்கிறது. பின் ஆயில் சீல் கசிந்தால் பிரேக் லைனிங் நனைந்துவிடும். பாரம் ஏற்றிய வண்டி ஏரிக்கரைச் சரிவில் நிற்காது. சீல் மாற்றுமுன் மேலேயுள்ள காற்றுத் துளையில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைபட்டால் புதுச் சீலும் கசியும்.

இரைச்சல் கேட்டவுடன் முழுப் பெட்டியையும் மாற்றத் தேவையில்லை. ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, நடு கியரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். ஆட்டம் தெரிந்தால் ஷாப்ட், ஊசி பேரிங், திரஸ்ட் வாஷர் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த ஷாப்டில் புது ஊசிகளைப் போடுவது வீண் செலவு. ஷாப்டில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து தருவதாகச் சொன்னாலும் ஏற்க வேண்டாம். கடினப்படுத்திய மேற்பரப்பு போய்விடும். கியரின் உள்துளையில் பள்ளம் விழுந்திருந்தால் கியரும் புதிதாக வேண்டும்.

ஷாப்டின் குறுக்களவு 3/4, 1 1/8, 1 1/4 அங்குலம் என வண்டிக்கு வண்டி மாறும். ஆகவே பழையதைக் கையில் எடுத்துச் சென்று அளந்து வாங்குவது நல்லது. பூட்டும்போது ஊசிகள் உதிராமலிருக்க, கியரின் நீளத்திற்குச் சற்றே மெலிந்த ஒரு போலி ஷாப்டை லேத் பட்டறையில் கடைந்து, கிரீஸ் தடவி ஊசிகளை அடுக்கிக்கொள்ளலாம். வெளிவரும் ஷாப்டின் ஆட்டத்தை ஷிம் வைத்து 4 முதல் 8 ஆயிரத்தில் அங்குலத்திற்குள் நிறுத்த வேண்டும். இதை அளக்காமல் கைக்கணக்கில் விடும் மெக்கானிக்கிடம் வேலை கொடுக்காதிருப்பதே மேல்.

ஓடையில் இறங்கிய வண்டியின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தார்ச்சாலைக்கு வந்ததும் முன் இழுவையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் முன், பின் ஷாப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிப் புதுக் கியரையும் தின்றுவிடும்.