4000-இல் ஒரு பள்ளம்

பீரங்கிப் படையில் 17 வருஷம். போஃபர்ஸ் பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு வைப்போம். பல நாள் அதுவும் இருக்காது. ஓய்வு பெறுமுன் நடந்த மருத்துவப் பரிசோதனையில் காதைப் பற்றிக் கேட்டார்கள். "ஓகே சார்" என்றேன். வீட்டுக்கு ரயிலேறும் அவசரம். காதில் ஏற்கெனவே 'ஙொய்' என்ற இரைச்சல் இருந்தது. அதை அன்றே சொல்லிக் காகிதத்தில் ஏற்றியிருந்தால், பின்னால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கவாவது ஒரு பிடி இருந்திருக்கும்.

எனக்குக் காது கேட்காது என்று சொல்ல முடியாது. லாரி வருவது கேட்கும், மாடு கத்துவது கேட்கும். பேத்தி "தாத்தா, சாவி எங்கே?" என்றால் மட்டும் "ஆவி எங்கே?" என்று விழும். ஆடியோகிராம் எடுத்துப் பார்த்தால் கோடு ஒழுங்காகப் போய், 4000 ஹெர்ட்ஸில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, 8000-இல் கொஞ்சம் ஏறியிருந்தது. வெடிச்சத்தம் தின்ற காதுக்கு இந்தப் பள்ளம்தான் அடையாளமாம். ச, ஸ, ஃப எல்லாம் அந்தப் பக்கம்தான் குடியிருக்கின்றன.

2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் நான் உறுப்பினர். காது மிஷினுக்கும் அதில் வழி உண்டு. உச்சவரம்புக்கு மேல் போனால் கைப்பணம். ரெஃபரல், காது மூக்கு தொண்டை டாக்டர், அனுமதி, பில் என்று எனக்கு ஐந்து நடை, நடைக்கு இரண்டு பஸ். ஒரு நடை முழுக்க ஒரு ரப்பர் ஸ்டாம்புக்காகப் போனது. எதைக் கொடுத்தாலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டு, அனுமதி வருமுன்னே முன்பணம் கட்டிய நண்பருக்கு அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

மிஷின் வந்த பிறகுதான் நிஜமான பாடு. முறுக்கு கடித்தால் தலைக்குள் செங்கல் உடைகிறது. தட்டில் கரண்டி பட்டால் உடம்பு குலுங்குகிறது. பொருத்திய பெண், சத்தமே இல்லாத அறையில் வைத்து, "நல்லா கேக்குதாங்கய்யா?" என்றார். மறுபடியும் அதே "ஓகே". இரண்டு மாசம் மிஷின் பீரோவில் தூங்கியது.

மருமகள்தான் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தாள். அதில் எழுதினேன்: 'டீக்கடையில் நாலு பேர் பேசினால் ஒன்றும் புரியவில்லை. கரண்டிச் சத்தம் குத்துகிறது. என் குரலே குடத்துக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது.' அதைப் படித்துப் படித்துத்தான் மிஷின் பொருத்திய பெண் கம்ப்யூட்டரில் திருத்தினார். மூன்று முறை போக வேண்டியிருந்தது. அதனால் மிஷின் எந்த கம்பெனி என்று பார்ப்பதற்கு முன்னால், ட்யூனிங் செய்ய ஆள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார், எத்தனை முறை இலவசம் என்று கேளுங்கள். தூரத்து ஊரில் வாங்கிய நல்ல மிஷினைவிடப் பக்கத்து டவுன் மிஷின்தான் காதில் இருக்கும்.

பேட்டரி எனக்கு 312, பழுப்பு ஸ்டிக்கர். காற்றில் ஓடுகிற சாமான். ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போடவேண்டும். உரித்ததைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது; முயன்று பார்த்தாயிற்று.

பேத்தி இப்போது சோதிப்பதற்கென்றே முதுகுக்குப் பின்னால் வந்து நின்று "சாவி" என்கிறாள். பத்தில் ஏழு தடவை சாவிதான்.