மஷூராவின் வாசலை அடைக்காதீர்!

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய திருத்தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களில் ஜமாஅத் நிர்வாகம் என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கூட்டுப் பணியாகும். முத்தவல்லி, செயலாளர், பொருளாளர், இமாம், மோதினார், ரமளானில் கஞ்சி காய்ச்சும் வாலிபர்கள் ஆகியோரே அந்தச் சிலர். இவர்களுக்குள் மனக்கசப்பு முற்றினால் அது நிக்காஹ், ஜனாஸா வரையில் போய் நிற்கும். ஆகவே, தலைவர் தம் கூட்டாளிகளிடம் நடந்துகொள்ளும் முறை தீனுடைய விஷயமே.

ஹிஜ்ரி 3இல் (கி.பி. 625) நடந்த உஹதுப் போரைச் சற்றுச் சிந்தியுங்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பது நாயகம் (ஸல்) அவர்களின் விருப்பம். பத்ரில் பங்குபெறாத வாலிபர்களோ வெளியே சென்று போரிட வேண்டுமென்றனர். பெருமானார் அவர்களின் கருத்துக்கு இணங்கினார்கள். களத்தில் குன்றின் மீது நிறுத்தப்பட்ட 50 வில்வீரர்களில் பெரும்பாலோர், கட்டளையை மறந்து இடத்தைவிட்டு இறங்கினர். எழுபது பேரளவில் ஷஹீதானார்கள். நாயகமும் காயமுற்றார்கள்.

இப்படி நேர்ந்தபின் ஒரு தலைவர் என்ன சொல்வார்? “இனி யாரையும் கேட்க மாட்டேன்” என்றுதானே சொல்வார்! ஆனால் அதற்குப் பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனம் காட்டிய வழி வேறு. கடுமை காட்டினால் தோழர்கள் சிதறிவிடுவார்கள் என்று அது எச்சரித்தது. அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடவும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்கவும், உறுதி கொண்டபின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவும் பணித்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். மன்னிப்பு முன்னால் வருகிறது. ஆலோசனை அதன் பின்னால் வருகிறது. மன்னிக்கப்படாதவன் மனந்திறந்து பேச மாட்டான்.

அந்த வாசல் திறந்தே இருந்ததன் பலன் ஹிஜ்ரி 5இல் தெரிந்தது. பெரும்படை மதீனாவைச் சூழ வந்தபோது, அகழ் தோண்டும் யோசனையைக் கூறியவர் பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்கள். அரபியரல்லாத, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒருவருடைய சொல் சபையில் ஏறியது. நாயகமும் தம் கரங்களால் மண் சுமந்தார்கள்.

நம் நிர்வாகிகள் இதிலிருந்து சில காரியங்களைப் பழக்கமாக்கிக் கொள்ளலாம். வாலிபர்கள் ஒரு வேலையில் தவறினால் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அவர்களிடமே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். கூட்டத்தில் கடைசியில் அமர்ந்திருக்கும் மோதினாரிடமும் கருத்துக் கேளுங்கள். பள்ளியின் குறைநிறை அவருக்குத்தான் அதிகம் தெரியும். 1995ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டப்படி முத்தவல்லி வாரியத்துக்குக் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அதே கணக்கை மஹல்லாவாசிகள் கேட்குமுன் அவர்களிடமும் வாசித்துவிட்டால் பாதிச் சந்தேகம் அன்றே தீர்ந்துவிடும். முடிவான பின்போ அது எல்லோருடைய முடிவு. “நான் அன்றே சொன்னேனே” என்று தலைவரும் சொல்லலாகாது.

தொழுகையில் இமாம் தவறினால் பின்னிற்பவர் “சுப்ஹானல்லாஹ்” என்று உணர்த்துகிறார். இமாம் கோபிப்பதில்லை, உணர்த்தியவர் ஸஃப்பைவிட்டு விலகுவதுமில்லை. ஐவேளையும் இந்தப் பாடத்தைப் படிக்கும் நாம், ஸலாம் கொடுத்தபின் அதை மறக்கலாமா?

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றுபடுத்துவானாக! ஆமீன்.