வலமா, இடமா?

ஸ்ரீவைகுண்டத்து அணைக்கட்டின் அருகே நின்று, நீர் ஓடும் திசையை நோக்குவோமாயின், தென்கரை நமக்கு வலப்புறமும் வடகரை இடப்புறமும் அமையும். அங்கேயே திரும்பி, நீர் வரும் பொதிகையின் திசையை நோக்கினால் கரைகள் இடம் மாறிவிடும். ஆறு திரும்பவில்லை, திரும்பியவர் நாமே. இக்குழப்பத்தை நீக்கவே, நீர் செல்லும் திசையை நோக்கி நிற்பவனின் வலக்கைப் பக்கமே ஆற்றின் வலக்கரை எனப் பொறியாளர் வரையறுத்துக் கொண்டனர். நம் ஊரார் வழக்கு அதனினும் எளியது. தாமிரபரணியின் பழைய எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானதாகிய இவ்வணையில் பிரியும் கால்வாய்களை அவர்கள் வடகால் என்றும் தென்கால் என்றும் அழைக்கின்றனர். யார் எப்பக்கம் திரும்பி நின்றாலும் வடக்கு வடக்கே, தெற்கு தெற்கே.

ஆனால், எண்ணெய் எந்திரத்திற்கு வடக்கு ஏது? தெற்கு ஏது? இன்று ஒரு கிணற்றடியில் நிற்பதை நாளை வண்டியிலேற்றி வேறொரு கிணற்றுக்குக் கொண்டுசெல்வர்.

கால்வாய் நீர் எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்று நீரை இறைக்க இத்தகைய எந்திரங்கள் நெடுங்காலம் உழைத்தன. அவற்றுள் பெயர் பெற்றது இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் செய்யப்பட்ட லிஸ்டர் டீசல் எந்திரம். அதனைப் பின்பற்றிக் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் அவ்வகை எந்திரங்கள் செய்யப்பட்டன. நிமிடத்திற்கு 650 சுற்றுகளே சுழலும் இவ்வெந்திரத்தின் இருபுறத்தும் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு பெருஞ்சக்கரங்கள் உண்டு. ஒரு பக்கம் நின்று காண்பவனுக்குச் சக்கரம் கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகச் சுழலும். மறுபக்கம் நிற்பவனுக்கோ அதே சுழற்சி இடஞ்சுழியாகத் தோன்றும். இருவர் கூறுவதும் உண்மையே! ஆதலின், ‘வலஞ்சுழியாகச் சுற்றுக’ என்று மட்டும் எழுதிய குறிப்பு, ஒன்றும் எழுதாத குறிப்பிற்கு ஒப்பாகும்.

‘நட்டை வலப்பக்கம் திருகுக’ என்பதும் இத்தகையதே. நட்டின் மேல்விளிம்பு வலப்பக்கம் செல்லும்போது அதன் கீழ்விளிம்பு இடப்பக்கம் செல்கின்றது. எழுதியவர் எந்த விளிம்பை நினைத்தாரோ, அறியோம்!

இவற்றினும் வஞ்சகமான சொல் ஒன்று உண்டு. ‘முன்’ என்பதே அது. ‘முன் சொன்னேன்’ என்றால் கடந்த காலம். ‘முன்னே செல்’ என்றால் எதிரே உள்ள இடம். காலத்திற்கும் இடத்திற்கும் ஒரே சொல் வழங்குவதால் பேச்சில் யாதொரு தீங்கும் இல்லை. எந்திரத்திலோ தீங்கு உண்டு. டீசல் எந்திரத்தில் பிஸ்டன் சிலிண்டரின் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே எண்ணெய் பீச்சப்பட வேண்டும். சக்கரச் சுழற்சியில் 20 பாகை முன்னர் என்று வைத்துக்கொள்வோம். 650 சுற்று வேகத்தில் அவ்விடைவெளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 195-இல் ஒரு பங்கே. இதனை இன்னும் 2 பாகை ‘முன்னே வை’ என்று ஒருவர் கூறுகின்றார். காலத்தை எண்ணுபவன், சக்கரம் 22 பாகை தொலைவில் இருக்கும்போதே எண்ணெய் பாயுமாறு அமைப்பான். இடத்தை எண்ணுபவன் சக்கரத்தை 2 பாகை முன்னே உருட்டி, 18 பாகையில் அமைத்து விடுவான். ஒரே சொல், நேர் எதிரான இரு செயல்கள்!

தாமதித்துப் பாய்ந்தால் எந்திரம் புகை கக்கும், வலிமை குன்றும். அளவுக்கு மீறி விரைந்து பாய்ந்தாலோ, கையால் மெல்லச் சுற்றித் தொடங்கும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டுமுன்பே எரிவாயு விரிந்து அதனைப் பின்னுக்குத் தள்ளும். சுழல்பிடி எதிர்ப்புறம் திரும்பி மணிக்கட்டைத் தாக்கும். பழைய மோட்டார் வண்டிகளிலும் இவ்விபத்து மிகுந்திருந்தது. மணிக்கட்டருகே நேரும் எலும்பு முறிவு ஒன்றினை மருத்துவ நூல்கள் இன்றும் ‘மோட்டார் ஓட்டியின் முறிவு’ என்றே குறிக்கின்றன. 1908 முதல் 1927 வரை செய்யப்பட்ட போர்டு ‘டி’ வண்டியில், தீப்பொறியின் காலத்தை மாற்றும் நெம்புகோல் ஓட்டுநரின் இடப்பக்கம் இருந்தது. அதனைக் கீழே இழுத்தால் தீப்பொறி முந்தும். மேலே தள்ளினால் பிந்தும். கையால் சுற்றுமுன் அதனை மேலே தள்ளிவைக்க மறந்தவன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

கடலிலும் இக்குழப்பம் இருந்தது. முற்காலக் கப்பல்களில் சுக்கானைத் திருப்பும் கட்டையை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். கட்டை மறைந்து சக்கரம் வந்த பின்னும் பழைய ஆணை மாறவில்லை. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவில் டைட்டானிக் கப்பலில் ‘வலப்பக்கம்’ என்று ஆணை பிறந்தபோது, வழக்கப்படியே கப்பல் இடப்பக்கம் திரும்பியது. கப்பல் திரும்பும் பக்கத்தையே ஆணையில் கூற வேண்டும் என்னும் விதி பிரிட்டிஷ் கப்பல்களில் 1933-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் எண்ணெய் எந்திரத்திற்கும் அவ்வாறே குறிப்பு எழுதலாம். எண்ணெயைப் பீச்சும் பம்பினைக் கீழிருந்து தள்ளும் தண்டின் தலையில் ஒரு திருகாணி உண்டு. அதனை உயர்த்தினால் எண்ணெய் விரைந்து பாயும். தாழ்த்தினால் தாமதித்துப் பாயும். ‘முன்னே வை’ என்பதை விடுத்து, ‘எந்திரத்தை நிறுத்துக. மேலிருந்து நோக்கித் திருகாணியை இடஞ்சுழியாகச் சிறிது திருப்புக, அது உயரும், எண்ணெய் முன்னதாகப் பாயும். பின்னர்ப் பூட்டு நட்டை இறுக்குக’ என்று எழுதினால், நிற்குமிடம், நோக்கும் பக்கம், விளையும் பயன் ஆகிய மூன்றும் அதிலேயே அடங்கிவிடுகின்றன.